வெப்சைட் முகவரியை வலமிருந்து படியுங்கள்

வெப்சைட் முகவரியை நாம் எல்லோரும் இடது பக்கத்திலிருந்துதான் படிக்கிறோம். தமிழோ இங்கிலீஷோ, பழக்கம் அப்படி. முதல் சில எழுத்துகளில் தெரிந்த பெயர் ஒன்று கண்ணில் பட்டதுமே 'சரி, இதுதான்' என்று மனசு முடிவுகட்டிவிட்டு, மீதியைப் படிக்காமல் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. ஆனால் அந்த முகவரி யாருக்குச் சொந்தம் என்ற தகவல் இருப்பது வலது பக்கத்தில். போலி டொமைன் (வெப்சைட்டுக்காகப் பதிவு செய்யும் பெயர்) வைத்து ஏமாற்றுகிறவர்களுக்கு இந்த இடைவெளி ஒன்றே போதும், மற்றதெல்லாம் அலங்காரம்.

ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம். இந்தக் கட்டுரையில் எல்லா முகவரிகளையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். போலி முகவரிகளைப் பற்றிப் பேசும் இடத்தில் யாராவது தவறிப்போய் ஒன்றைத் தட்டிவிட்டால் நன்றாக இருக்காது, அதனால்தான்.

பெங்களூருத் தமிழர்கள் வீட்டில் அடிக்கடி திறக்கப்படும் தளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: திருப்பதி தேவஸ்தானம். தரிசன டிக்கெட், தங்கும் அறை, சேவை எல்லாம் ஆன்லைனில்தான். 2023-ல் அதன் உண்மையான முகவரி 'திருப்பதிபாலாஜி.ஏபி.ஜிஓவி.இன்'. அந்த வருஷம் ஒரு போலித் தளம் பிடிபட்டது, தேவஸ்தானமே புகார் கொடுத்தது. அந்தப் போலியின் முகவரி 'திருப்பதிபாலாஜி-ஏபி-ஜிஓவி.ஆர்க்'. பக்கம் பார்க்க அசல் போலவே இருந்தது. பெருமாள் பெயர் இருக்கிறது, ஆந்திராவைக் குறிக்கும் ஏபி இருக்கிறது, அரசாங்கத்தைக் குறிக்கும் ஜிஓவி கூட இருக்கிறது. வேறுபாடு இரண்டே விதத்தில்தான். புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஹைபன் கோடு, கடைசியில் 'இன்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்க்'. (தேவஸ்தானம் 2024 ஜனவரியில் முகவரியையே மாற்றிவிட்டது. இப்போது 'டிடிதேவஸ்தானம்ஸ்.ஏபி.ஜிஓவி.இன்'.)

புள்ளிக்கும் கோட்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்டால், எல்லாமே அதுதான். முகவரியில் புள்ளி என்பது பிரிக்கும் குறி. ஹைபன் அப்படியில்லை, அது பெயருக்குள் வரும் சாதாரண எழுத்து மாதிரி. ஆகவே அந்தப் போலி முகவரியில் 'திருப்பதிபாலாஜி-ஏபி-ஜிஓவி' என்பது மொத்தமும் ஒரே பெயர், அதை யாரோ ஒருவர் 'ஆர்க்' கடையில் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான். உள்ளே ஜிஓவி என்று எழுதிக்கொள்வதை யாரும் தடுப்பதில்லை. அசலிலோ 'ஜிஓவி.இன்' என்பது தனித்தனிப் புள்ளிகளோடு கடைசியில் நிற்கிறது. இந்திய அரசு அமைப்புகளைத் தவிர வேறு யாருக்கும் அது கிடைக்காது, அதைப் பதிவு செய்து கொடுப்பது என்ஐசி என்கிற மத்திய அரசு நிறுவனம்.

கம்ப்யூட்டர் முகவரியை வலமிருந்துதான் தேடிப் போகிறது. முதலில் 'இன்', அதற்குள் 'ஜிஓவி', அதற்குள் 'ஏபி', கடைசியாகத் 'திருப்பதிபாலாஜி'. பெங்களூரு ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் குடியிருப்பவர் தன் முகவரியில் தினமும் மெட்ராஸ் என்று எழுதுகிறார், அதற்காகத் தபால் சென்னைக்குப் போவதில்லை, ஏனென்றால் கடைசி வரியில் பெங்களூரு என்றும் பின்கோடும் இருக்கிறது. வெப்சைட் முகவரியும் அப்படித்தான், முன்னால் வருகிற பெயர் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், போய்ச் சேரும் இடத்தைத் தீர்மானிப்பது கடைசி வரி.

அப்படியானால் எப்படிப் படிப்பது? முகவரியின் தொடக்கத்தில் வரும் எச்டிடிபிஎஸ், அதன் பிறகு வரும் இரட்டை ஸ்லாஷ், இரண்டையும் விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு முதல் ஒற்றை ஸ்லாஷ் எங்கே வருகிறது என்று பாருங்கள். அந்த ஸ்லாஷுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் தளத்துக்குள் இருக்கும் பக்கத்தின் பெயர், அங்கே எந்த வங்கியின் பெயரையும் எழுதலாம், கண்டுகொள்ளாதீர்கள். ஸ்லாஷுக்கு முன்னால் நின்று இடப்பக்கமாக இரண்டு துண்டு எண்ணுங்கள். 'காம்', அதற்கு முன்னால் ஒரு பெயர். அந்த இரண்டும் சேர்ந்ததுதான் உரிமையாளர். 'கோ.இன்', 'ஜிஓவி.இன்' மாதிரி முடிவே இரண்டு துண்டாக இருந்தால் மூன்று எண்ண வேண்டும். ரயில் டிக்கெட்டுக்கு 'ஐஆர்சிடிசி.கோ.இன்' என்றால் மூன்றாவது துண்டு ஐஆர்சிடிசி, சரி. அதே இது 'ஐஆர்சிடிசி.கோ.இன்.டிக்கெட்-புக்.காம்' என்று வந்தால், கடைசி இரண்டு துண்டு 'டிக்கெட்-புக்.காம்'. அந்த ஆள் யார் என்று நமக்குத் தெரியாது, ஐஆர்சிடிசி என்று முன்னால் எழுதியது அவருடைய விருப்பம். சொந்தமாக ஒரு டொமைன் வைத்திருப்பவர் அதற்கு முன்னால் புள்ளி வைத்து எத்தனை பெயரை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, காசும் கிடையாது.

அல்சூரில் இருக்கும் என் சித்திக்கு இதைப் போனில் சொல்லிக்கொடுத்தேன். அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் திருப்பதி ரூம் புக்கிங் என்று ஒரு லிங்க் வந்திருந்தது.

"ஏன்டா, இதுல பணம் கட்டலாமா?"

"கடைசில என்ன இருக்குன்னு படிங்க சித்தி."

"டாட் காம்."

"அதுக்கு முன்னாடி?"

"திருப்பதி, ஒரு கோடு, ரூம்ஸ், இன்னொரு கோடு, கவர்மென்ட்டுனு போட்டிருக்கேடா!"

"கோடா, புள்ளியா?"

"கோடுதான். அப்போ என்ன, எல்லாம் சேர்ந்து ஒரே பேரா?"

அவ்வளவுதான் பாடம். அதன் பிறகு அந்த குரூப்பில் வரும் லிங்குகளுக்கெல்லாம் சித்திதான் ஆடிட்டர்.

இப்படித் தெரிந்த பெயரோடு 'புக்கிங்', 'கேஒய்சி', 'ரீஃபண்ட்', 'கஸ்டமர் கேர்' மாதிரி இன்னொரு சொல்லை ஒட்டுவதுதான் இன்று அதிகம் நடப்பது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், எழுத்துப் பிழையை நம்பிய போலிகளைவிட இப்படிச் சொல் ஒட்டிய போலிகள் நூறு மடங்கு அதிகம் என்று கண்டார்கள். யோசித்தால் காரணம் புரியும். எழுத்துப் பிழை கண்ணில் பட்டுவிடலாம், ஆனால் ஒட்டிய முகவரியில் பிழையே கிடையாது, வங்கியின் பெயர் சரியாக எழுதப்பட்டிருக்கிறது, 'கேஒய்சி' என்பதும் சரியான சொல், குறை சொல்ல ஒன்றுமில்லை. பிழை தேடிப் பழகிய கண்ணுக்கு இது பெரிய பொறி.

எழுத்துப் பிழை வகைதான் வயதில் மூத்தது. ஒரு எழுத்தைக் கூட்டுவது, விடுவது, பக்கத்துச் சாவியைத் தட்டுவது. இங்கிலீஷ் சின்ன எழுத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டி வைத்தால் போன் திரையில் எம் மாதிரியே தெரியும். எல் என்ற எழுத்தும் ஒன்று என்ற எண்ணும், ஓவும் சைபரும் சொல்லவே வேண்டாம். கடைசித் துண்டிலும் இந்த விளையாட்டு உண்டு. 'காம்' அடிக்கும்போது நடுவில் ஓ விட்டுப்போனால் அது 'சிஎம்', அதாவது கேமரூன் நாட்டின் முடிவு. முதல் சி விட்டுப்போனால் 'ஓஎம்', ஓமன். அந்த முடிவுகளில் பிரபலமான பெயர்களைப் பதிந்து வைத்துக்கொண்டு, தப்பாக அடித்து வருகிறவர்களுக்காகக் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். நம்மூர்ப் பக்கம் 2023-ல் சுற்றிய போலி டிராஃபிக் அபராத மெசேஜ் இன்னும் எளிமை: 'ஈசலான்.பரிவாகன்.ஜிஓவி.இன்' என்ற அசல் முகவரியிலிருந்து 'ஜிஓவி' என்ற துண்டை மட்டும் எடுத்துவிட்டார்கள். மெசேஜில் வண்டி நம்பர், அபராதத் தொகை எல்லாம் அசல் மாதிரியே. சில்க் போர்டு சிக்னலில் எப்போதாவது கோட்டைத் தாண்டி நிறுத்தியவர் யாராக இருந்தாலும் 'ஆமா, நாமதான் போலிருக்கு' என்றுதான் நினைப்பார்.

ஒரு எழுத்து வித்தியாசத்துக்காக இந்தியாவில் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு பெங்களூருவில் ஆரம்பித்ததுதான். சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே நிறுவனத்துக்கு 'சிஃபி' என்ற பெயரில் டொமைன்கள் இருந்தன. 'சிஃபிநெட்'டில் ஒரு எஃப் கூடுதலாகப் போட்டு வேறொரு நிறுவனம் டொமைன் வாங்கியது. கேட்டதற்கு, அது எங்கள் நிறுவனர்கள் ஐந்து பேரின் முதலெழுத்துகள் என்று விளக்கம் சொன்னார்கள். வழக்கு பெங்களூரு சிட்டி சிவில் கோர்ட்டில் தொடங்கி, கர்நாடக உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பு தலைகீழாகி, 2004-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. டொமைன் பெயருக்கும் வணிகக் குறி போன்ற பாதுகாப்பு உண்டு என்பது அங்கே நிலைத்த தீர்ப்பு. அது இரண்டு நிறுவனங்களுக்கு இடையிலான சண்டை, எதிராளி யார் என்று தெரியும். இன்றைய போலித் தளக்காரர்கள் விஷயத்தில் ஆளே தெரிவதில்லை. டெல்லி உயர் நீதிமன்றத்தில் இப்படிப் பெயர் தெரியாத பிரதிவாதியை 'அசோக் குமார்' என்று எழுதுவது வழக்கம். டாபர் நிறுவனம் தன் பெயரில் முளைத்த போலி டொமைன்களுக்கு எதிராகப் போட்ட வழக்கும் அசோக் குமார் மீதுதான். நிஜமாகவே அந்தப் பெயர் கொண்டவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

அடுத்தது கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாத வகை. ரஷ்ய மொழி எழுதப்படும் சிரிலிக் எழுத்தில் ஏ, சி, ஈ, ஓ, பி போலவே தோற்றமளிக்கும் எழுத்துகள் இருக்கின்றன. நமக்கு ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. 2002-லேயே இரண்டு ஆய்வாளர்கள் மைக்ரோசாஃப்ட் என்ற பெயரில் இரண்டு எழுத்தை மட்டும் ரஷ்ய எழுத்தாக மாற்றி டொமைனைப் பதிவு செய்து காட்டினார்கள். 2017-ல் இன்னொரு ஆய்வாளர் ஆப்பிள் என்ற பெயரை முழுக்க சிரிலிக் எழுத்திலேயே எழுதிப் பதிவு செய்தார், குரோமில் அது அசல் ஆப்பிள் தளம் மாதிரியே தெரிந்தது. பிறகு குரோம் 58-ஆம் பதிப்பில் விதியை மாற்றினார்கள். இப்போது சந்தேகமான கலவையாக இருந்தால் பிரவுசர் அந்தப் பெயரை அப்படியே காட்டாமல், எக்ஸ்என் என்று தொடங்கி இரண்டு கோடு போட்டு, புரியாத ஒரு சரமாகக் காட்டும். அப்படி ஒன்றை முகவரிப் பட்டையில் எதிர்பாராமல் பார்த்தால் வெளியே வந்துவிடுங்கள்.

இது இங்கிலீஷ், ரஷ்ய எழுத்துக்கு மட்டும் உள்ள வம்பு என்று நினைக்க வேண்டாம். 'க' என்ற எழுத்தையும் தமிழ் எண் '௧' என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'எ'வும் '௭'வும், 'உ'வும் '௨'வும், 'அ'வும் '௮'வும் அதே கதை. 'ஔவை' என்று ஒரே எழுத்தாக அடிக்கலாம், 'ஒளவை' என்று ஒ, ள இரண்டையும் அடிக்கலாம், இணையத்தில் இரண்டும் ஏராளமாகக் கிடக்கின்றன, கம்ப்யூட்டருக்கு அவை இரண்டு வேறு சொற்கள். 'டாட் இந்தியா', 'டாட் இலங்கை', 'டாட் சிங்கப்பூர்' என்று தமிழ் எழுத்திலேயே முடியும் டொமைன்கள் இருக்கின்றன. தமிழ் முகவரிகள் பரவலாகப் புழங்க ஆரம்பித்தால் இந்தத் தலைவலியும் கூடவே வரும்.

முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் பாதுகாப்பு என்று நம்புகிற பழைய பாடம் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பூட்டு சொல்வது ஒன்றுதான்: உங்கள் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது. அந்தத் தளமே திருடனுடையது என்றால், திருடனோடு ரகசியமாகப் பேசுகிறீர்கள், அவ்வளவுதான். இதற்கான சான்றிதழ் இன்று இலவசமாக, சில நிமிடங்களில் தானாகவே கிடைக்கிறது. மக்கள் அதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால் 2023-ல் குரோம் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது.

டொமைன் வாங்குவதும் அப்படித்தான் சுலபம். வருஷத்துக்குச் சில நூறு ரூபாயில் ஆரம்பிக்கிறது, பெரும்பாலான முடிவுகளில் 'நீங்கள்தான் அந்த வங்கியா' என்று கேட்க ஆள் கிடையாது. அசல் தளத்தின் படங்கள், எழுத்துகள், பட்டன்கள் எல்லாவற்றையும் அப்படியே நகலெடுக்கலாம். நீங்கள் போலிப் பக்கத்தில் யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் போட்ட அடுத்த நொடியில் அந்தப் பக்கம் அதை அசல் வங்கித் தளத்தில் போடுகிறது. வங்கி உங்களுக்கு அசலான ஓடிபி அனுப்புகிறது, அசல் எண்ணிலிருந்து. அதைப் பார்த்து உங்கள் நம்பிக்கை இன்னும் கூடுகிறது. ஓடிபியையும் போலிப் பக்கத்தில் போடுகிறீர்கள், அதுவும் திருடன் வழியாக அசல் வங்கித் தளத்துக்குப் போய்ச் சேருகிறது. முடிந்தது. ஓடிபி வந்ததே, அப்புறம் எப்படிப் போலி என்று பிறகு பலர் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏமாந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. பாதித் தப்பு பெரிய நிறுவனங்களுடையது, அவைதான் நம்மைக் கண்ட முகவரியையும் நம்பப் பழக்கி வைத்திருக்கின்றன. கேரளாவுக்கும் கர்நாடகாவுக்கும் அரசு பஸ் கழகம் இரண்டுமே கேஎஸ்ஆர்டிசி. கர்நாடகாவுடையது 'கேஎஸ்ஆர்டிசி.இன்'. கேரளாவின் முன்பதிவுத் தளமோ 'ஆன்லைன்கேஎஸ்ஆர்டிசிஸ்விஃப்ட்.காம்'. மேலே சொன்ன எல்லாப் பரீட்சையிலும் இது போலி என்றுதான் விடை வரும், ஆனால் அசல். ஸ்டேட் பேங்க்குக்கு ஒரு காலத்தில் 'எஸ்பிஐ.கோ.இன்', 'ஆன்லைன்எஸ்பிஐ.காம்', 'பேங்க்.எஸ்பிஐ' என்று பல முகவரிகள், எல்லாமே உண்மை. மக்களின் கடன் விவரங்களைத் தொகுத்து வைக்கும் ஈக்விஃபேக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கதை இதற்கெல்லாம் சிகரம். 2017-ல் அமெரிக்காவில் 14 கோடிப் பேருக்கு மேல் தகவல் கசிந்ததும், அந்த நிறுவனம் தன் சொந்தத் தளத்தை விட்டுவிட்டு 'ஈக்விஃபேக்ஸ்செக்யூரிட்டி2017.காம்' என்று புதிதாக ஒன்றைத் திறந்தது. அதைப் பார்த்து ஒரு புரோகிராமர், எவ்வளவு ஆபத்து என்று காட்டுவதற்காகச் சொற்களை இடம் மாற்றி 'செக்யூரிட்டிஈக்விஃபேக்ஸ்2017.காம்' என்று ஒன்றைப் போட்டுவைத்தார். ஈக்விஃபேக்ஸின் அதிகாரபூர்வ ட்விட்டர் கணக்கே வாடிக்கையாளர்களை அந்தப் போலித் தளத்துக்கு அனுப்பியது, அதுவும் பல தடவை. சொந்தக்காரனுக்கே தன் வீடு தெரியவில்லை என்றால் விருந்தாளி என்ன செய்வான்?

அந்த வகையில் ரிசர்வ் வங்கி செய்தது நல்ல வேலை. 2025 பிப்ரவரியில் அறிவித்து, இந்திய வங்கிகள் எல்லாம் அந்த வருஷம் அக்டோபர் 31-க்குள் 'பேங்க்.இன்' என்ற முடிவுக்கு மாற வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஸ்டேட் பேங்க் இப்போது 'எஸ்பிஐ.பேங்க்.இன்'. அந்த முடிவு வங்கிகளுக்கு மட்டும்தான், ஹைதராபாத்தில் ரிசர்வ் வங்கி தொடங்கிய ஐடிஆர்பிடி என்ற வங்கித் தொழில்நுட்ப நிறுவனம் மூலமாகத்தான் பதிவு. அடுத்தவர் வாங்க முடியாது. ஆனால் மறுபடியும் அதே புள்ளி, கோடு விஷயம்தான்: 'எஸ்பிஐ.பேங்க்.இன்' என்பது வேறு, 'எஸ்பிஐ-பேங்க்.இன்' என்பது வேறு. இரண்டாவது, சாதாரண 'இன்' முடிவில் ஒரு பெயர். வீட்டில் பெரியவர்களுக்குச் சொல்லும்போது 'பேங்க்.இன் இருந்தா நம்பலாம்' என்று பாதியாகச் சொல்லாதீர்கள், 'பேங்க்குக்கு முன்னாடி புள்ளி இருக்கணும்' என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

வெப்சைட்டோடு இது நிற்பதில்லை. 2020 மார்ச்சில் பிஎம் கேர்ஸ் நிதி தொடங்கிய உடனேயே, 'பிஎம்கேர்ஸ்' என்ற யூபிஐ ஐடியில் கடைசி எஸ் எழுத்தை விட்டுவிட்டு ஒரு போலி ஐடி வந்தது, டெல்லி போலீஸ் எச்சரித்து முடக்க வைத்தது. ஈமெயிலில் நடப்பது இன்னும் அமைதியானது. பீன்யாவில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவரும் கோயம்புத்தூரில் அவருக்கு உதிரிபாகம் அனுப்பும் ஒருவரும் மெயிலில் பேசிக்கொள்கிறார்கள் என்று வையுங்கள். இருவரில் ஒருவரின் மெயிலுக்குள் புகுந்தவன் வாரக்கணக்கில் சும்மா படித்துக்கொண்டிருப்பான். பில் அனுப்பும் நேரம் வந்ததும், ஒரு எழுத்து மட்டும் மாறிய டொமைனிலிருந்து, பழைய மெயில்களையெல்லாம் கீழே வைத்து, 'எங்கள் வங்கிக் கணக்கு மாறியிருக்கிறது' என்று பதில் போடுவான். தொகை சரி, பில் நம்பர் சரி, பேசும் தோரணை கூட சரி. கணக்கு எண் மாறியது என்று எந்த மெயில் வந்தாலும், அந்த மெயிலில் உள்ள நம்பரை விட்டுவிட்டு, போனில் ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கும் பழைய நம்பருக்கு ஒரு போன் போட்டுக் கேட்பதுதான் வழி.

சரி, கண்ணை நம்ப முடியாது என்றால் வேறு எதை நம்புவது? மெஷினை. பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைத்துத் தானாக நிரப்பும் பாஸ்வேர்டு மேனேஜர் என்பது பெரும்பாலும் மறதிக்காக என்று நினைக்கிறார்கள், என்னைக் கேட்டால் அதன் பெரிய பயன் இதுதான். அது முகவரியை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கும், ரஷ்ய எழுத்துக்கெல்லாம் ஏமாறாது. வழக்கமாகத் தானாக நிரப்பும் இடத்தில் அது சும்மா இருந்தால், பாஸ்வேர்டைக் கையால் அடிப்பதற்கு முன் ஒரு நிமிஷம் நின்று மேலே முகவரியைப் பாருங்கள். பாஸ்வேர்டுக்குப் பதிலாக, கைரேகையோ போன் பூட்டோ வைத்து உள்ளே போகும் பாஸ்கீ இன்னும் ஒரு படி மேல், எந்த டொமைனுக்காக உண்டாக்கினோமோ அங்கே மட்டும்தான் வேலை செய்யும், போலித் தளத்தில் நாமே ஆசைப்பட்டாலும் கொடுக்க முடியாது. வங்கி, ரயில், திருப்பதி, மின்சாரம் மாதிரி அடிக்கடி போகும் தளங்களை ஒரு முறை நிதானமாகச் சரிபார்த்து புக்மார்க் செய்துவிட்டு, அப்புறம் எப்போதும் அதன் வழியாகவே போங்கள். தேடலில் முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம், காசு கொடுத்தவருக்கு முதல் இடம். பொங்கலுக்கு ஊருக்குப் போக பஸ் டிக்கெட் தேடும் அவசரத்தில் அதைத்தான் தட்டுவோம். சந்தேகம் வந்தால் ஹூஈஸ் என்ற தேடலில் டொமைன் பெயரைப் போட்டால் எந்தத் தேதியில் பதிவானது என்று தெரியும், பல வருஷமாக இருக்கும் நிறுவனத்தின் தளம் போன வாரம் பதிவாகியிருந்தால் மேலே யோசிக்க ஒன்றுமில்லை.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், தேசிய அளவிலான உதவி எண், பெங்களூருவிலிருந்தும் அதேதான். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் எங்காவது நிறுத்தி வைக்க முடியுமா என்பது நீங்கள் எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கையில் பரிவர்த்தனை எண், நேரம், தொகை, அந்த லிங்க் முகவரியின் ஸ்கிரீன்ஷாட் இருக்கட்டும், மெசேஜை அழித்துவிடாதீர்கள். எழுத்துபூர்வமான புகாருக்கு 'சைபர்கிரைம்.ஜிஓவி.இன்'. வங்கிக்கும் தனியாகச் சொல்லி கார்டையும் நெட் பேங்கிங்கையும் முடக்கச் சொல்லுங்கள். அதே பாஸ்வேர்டை மெயிலுக்கும் வைத்திருந்தால் முதலில் மெயிலின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், மற்ற எல்லாக் கணக்கின் பாஸ்வேர்டையும் அந்த மெயில் வழியாகத்தான் மாற்ற முடியும் என்பது ஏமாற்றியவனுக்கும் தெரியும்.